இழை ஃப்ளாக் எந்த வரியில் தொலைந்தது? பொதி கட்டுபவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் அறை இருக்கிறது. பழைய தமிழ்ப் பத்திரிகைகளை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றும் சிறு குழு ஒன்றுக்குத் தேவையான திறமூல மென்பொருள்களைப் பொதியாகக் கட்டிக் கொடுப்பது என் வேலை. பொதிகள் போய்ச் சேரும் லினக்ஸ் இயந்திரங்கள் ஒரே தினுசானவை அல்ல. இன்னமும் ஓய்வு கொடுக்கப்படாத ஓர் உபுண்டு 20.04, அதற்குப் பக்கத்தில் இரண்டு உபுண்டு 22.04, ஓர் ஆல்பைன் கொள்கலன், மூலையில் டெபியனின் ஆர்மெல் பதிப்பு (பழைய ஆர்ம் செயலிகளுக்கானது) ஓடும் பழைய சேமிப்புப் பெட்டி. ஒன்றில் சிரிக்கும் பொதி இன்னொன்றில் அழும். அழுகைக்குக் காரணம் பெரும்பாலும் இழைகள் (த்ரெட், ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தொடர்கள்) தொடர்பான ஃப்ளாக்தான், அதாவது கட்டும் கட்டளையோடு சேர்க்கும் தெரிவுதான்.

2022 மார்ச் மாதக் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்ட நாட்களில், ஒரு பெரிய பொதியை முழுதாகக் கட்டி முடிப்பதே பாக்கியமாக இருந்தது. எதையாவது மாற்றிவிட்டு மறுபடி கட்டிப் பார்க்கலாம் என்ற பழக்கம் அப்போது தானாகவே ஒழிந்தது. கட்டும்போது பதிவான குறிப்புகளை முதலில் வாசிக்க வேண்டியிருந்தது. கீழே உள்ள வரிசையும் அப்படி வாசித்து வாசித்துச் சேர்ந்ததுதான். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

அறிகுறி 1: ‘பித்ரெட்_கிரியேட்’ எங்கே என்று லிங்கர் கேட்கிறது

லிங்கர் என்பது தொகுத்த துண்டுகளையும் லைப்ரரிகளையும் இணைத்து ஓடும் நிரலாக்கும் கருவி. பித்ரெட்_கிரியேட் புதிய இழையைப் பிறப்பிக்கும் செயற்கூறு. ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு பித்ரெட்_கிரியேட்’ என்ற வரியைக் காணாமல் யாரும் இந்தத் தொழிலில் ஒரு மாதத்தைக் கடந்திருக்க முடியாது. சில வேளைகளில் இதே நோய் ‘டிஎஸ்ஓ மிஸ்ஸிங் ஃப்ரம் கமாண்ட் லைன்’ என்ற வேறு பெயரிலும் வரும். வேறொரு லைப்ரரியின் முதுகில் ஏறி வந்த இழை லைப்ரரியை நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை என்பது அதன் பொருள். மருந்து இரண்டுக்கும் ஒன்றே.

ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து எங்கள் குழுத் தம்பி தொலைபேசியில் அழைத்தார். “அண்ணா, 22.04-இல் அழகாகக் கட்டுகிறது. 20.04-இல் கடைசி வரியில் விழுந்துவிடுகிறது. நான் ஃப்ளாக்கைப் போட்டுத்தான் இருக்கிறேன்.” எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். “எல்டிஃப்ளாக்ஸில்.” லிங்கருக்கான ஃப்ளாக்குகளை வைக்கும் மாறி அது. மேக் கட்டளையோடு ‘வி=1’ சேர்த்து ஓட்டி, லிங்கரை அழைக்கும் வரியை மட்டும் வெட்டி அனுப்பச் சொன்னேன். வந்தது இது:

ஜிசிசி -ஓ2 -எல்பித்ரெட் -ஓ வாசிப்பான் முதன்மை.ஓ வரிசை.ஓ

ஃப்ளாக் இருக்கிறது, ஆனால் இருக்கும் இடம் தவறு. லிங்கர் இடமிருந்து வலமாக வாசித்துக்கொண்டே போகிறது. ‘-எல்பித்ரெட்’டைச் சந்திக்கும்போது அதைக் கேட்பதற்கு இன்னும் ஒருவரும் வரவில்லை, முதன்மை.ஓ, வரிசை.ஓ இரண்டும் பின்னால்தான் வருகின்றன. பந்தியில் ஆட்கள் உட்காருமுன் சாம்பார் வாளி போய்விட்ட மாதிரி. உபுண்டுவின் கம்பைலர் 11.10 பதிப்பிலிருந்து ‘--ஆஸ்-நீடட்’ என்பதை லிங்கருக்குத் தானாகவே கொடுத்துவிடுகிறது: அதுவரை யாரும் கேட்காத லைப்ரரியைக் கழற்றிவிடு என்பதே அந்த உத்தரவு. டெபியனில் அந்த முன்னிருப்பு இல்லை என்பதால், அதே தவறான வரி அங்கே சத்தமில்லாமல் தப்பிப் போகும்.

சரி, 22.04-இல் மட்டும் ஏன் தப்பியது? அங்கே இருப்பது ஜிலிப்சி 2.35, அதாவது உபுண்டுவின் அடிப்படையான சி லைப்ரரி. 2021 ஆகஸ்டில் வெளியான 2.34 பதிப்பிலேயே இழை லைப்ரரி முழுவதையும் ஜிலிப்சி தன் மைய லைப்ரரிக்குள் இழுத்துக்கொண்டது. ‘-எல்பித்ரெட்’ என்று கேட்டால் இப்போது கிடைப்பது வெறும் கூடு. கேட்காவிட்டாலும் இழைகள் கிடைக்கும். புதிய இயந்திரத்தில் உங்கள் தவறு மறைந்திருக்கிறது, 20.04-இல் உள்ள 2.31 அதைக் காட்டிக்கொடுக்கிறது. பழைய இயந்திரத்தைத் திட்ட வேண்டாம். தம்பியிடமும் இதையே சொன்னேன். அவர் அதற்குள் அதைத் தூக்கி எறிவதற்குக் குழுத் தலைவரிடம் கடிதம் எழுதத் தொடங்கியிருந்தார்.

நீக்கும் முறை. கையால் எழுதிய மேக்கோப்பு என்றால் ‘-எல்பித்ரெட்’டை எல்டிஃப்ளாக்ஸிலிருந்து எடுத்து, பொருட்கோப்புகளுக்குப் பின்னால் வரும் லிப்ஸ் மாறியில் போடலாம். அதைவிட நல்லது ‘-பித்ரெட்’ என்ற ஃப்ளாக்குக்கு மாறுவது. இரண்டுக்கும் நடுவே ஓர் ‘எல்’ மட்டும்தான் வித்தியாசம் என்று நினைத்து ஒன்றுக்கு மற்றொன்றைப் போடுபவர்கள் ஏராளம். ‘-எல்பித்ரெட்’ லிங்கரிடம் மட்டும் பேசுகிறது. ‘-பித்ரெட்’ கம்பைலரிடமும் பேசுகிறது. இழைகளுக்கு வேண்டிய மேக்ரோக்களை வரையறுக்கிறது. இணைக்கும் நேரத்தில் லைப்ரரியைச் சரியான இடத்தில், அதாவது வரியின் கடைசியில், தானே கொண்டுபோய் வைக்கிறது. அதனால் அதை எல்டிஃப்ளாக்ஸில் போட்டாலும் வரிசைக் குழப்பம் வராது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: தொகுக்கும் வரி, இணைக்கும் வரி இரண்டிலும் அது இருக்க வேண்டும். ஜிசிசியின் கையேடு சொல்வதும் இதுவே.

டெபியன் வகைப் பொதிகளில் ரூல்ஸ் கோப்பில் ‘டெப்_சிஃப்ளாக்ஸ்_மெயின்ட்_அப்பெண்ட்’, ‘டெப்_எல்டிஃப்ளாக்ஸ்_மெயின்ட்_அப்பெண்ட்’ இரண்டிலும் ‘-பித்ரெட்’டைச் சேர்த்தால் வேலை முடிந்துவிடும். இருந்தாலும் நான் அதைத் தற்காலிகக் கட்டாகத்தான் வைத்திருப்பேன். மூலத்தின் கட்டமைப்புக் கோப்பைத் திருத்தி, அந்தத் திருத்தத்தை மூல ஆசிரியர்களுக்கு அனுப்புவதே சரி. கட்டமைப்புக் கருவி சிமேக் என்றால் ‘ஃபைன்ட்_பேக்கேஜ்’ மூலம் த்ரெட்ஸை ரெக்வயர்ட் என்று கேட்டு, இலக்கோடு ‘த்ரெட்ஸ்::த்ரெட்ஸ்’ஐ இணையுங்கள், ‘-பித்ரெட்’தான் வேண்டுமென்றால் அதற்கு முன்பே ‘த்ரெட்ஸ்_ப்ரிஃபர்_பித்ரெட்_ஃப்ளாக்’ மாறியை ஆன் செய்துவிடுங்கள். மேசானில் ‘டிபெண்டென்சி’க்குள் ‘த்ரெட்ஸ்’ என்று எழுதினால் போதும். ஆட்டோகான்ஃபில் ‘ஏஎக்ஸ்_பித்ரெட்’ என்ற மேக்ரோ இருக்கிறது. மூலத்தில் இவற்றுக்குப் பதிலாக யாராவது கையால் ஃப்ளாக்கைச் செருகியிருந்தால் சந்தேகக் கண்ணோடு பாருங்கள்.

ஒரு குறுக்குச் சந்து: சி++ பகிர்வு லைப்ரரியை லிப்டூல் கட்டும்போது ‘-நோஸ்ட்ட்லிப்’ என்பதைச் சேர்ப்பதுண்டு. அப்போது ‘-பித்ரெட்’ வரியில் இருந்தும் இழை லைப்ரரி இணையாது. அங்கே மட்டும் ‘-எல்பித்ரெட்’டையும் கூடவே கொடுக்க வேண்டியிருக்கும்.

அறிகுறி 2: கட்டுகிறது, நிறுவுகிறது, ஓட்டியதும் செத்துவிடுகிறது

சி++ நிரல் தொடங்கிய மறுகணமே ‘ஸ்டட்::சிஸ்டம்_எரர்’ என்று விழுகிறது. கூடவே ‘எனேபிள் மல்டித்ரெடிங் டு யூஸ் ஸ்டட்::த்ரெட்’ என்றும், அனுமதி மறுக்கப்பட்டது என்று பொருள்படும் ஒரு வாலும் வருகிறது. அந்த வாலை நம்பி கோப்பு அனுமதிகளைத் தேடி ஒரு பிற்பகலை இழந்திருக்கிறேன். அனுமதிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 2.34-க்கு முந்தைய ஜிலிப்சியில், சி++ லைப்ரரி இழைச் செயற்கூறுகளைக் ‘கிடைத்தால் எடுத்துக்கொள்கிறேன்’ என்ற தளர்வான முறையில்தான் கேட்கிறது. அதனால் லிங்கர் முறையிடுவதில்லை. ஓடும்போதுதான் இல்லாமை தெரிகிறது.

‘ரீட்எல்ஃப் -டி’ கட்டளையை அந்த இருமக் கோப்பின்மேல் ஓட்டுங்கள். 20.04-இல் கட்டிய கோப்பில் ‘நீடட்’ வரிகளுள் ‘லிப்பித்ரெட்.எஸ்ஓ.0’ இல்லையென்றால் இதுதான் நோய். மருந்து முதல் அறிகுறியில் சொன்னதே. 22.04-இல் கட்டிய கோப்பில் அந்த வரி இல்லாதிருப்பது இயல்பு. அங்கே அதைத் தேடி மனம் நோக வேண்டாம்.

அறிகுறி 3: பதிவில் ‘நாட் ஃபவுண்ட்’ என்று தெரிகிறது

சிமேக் ஓடும்போது ‘பித்ரெட்ஸ்’ என்ற லைப்ரரியில் பித்ரெட்_கிரியேட் இல்லை என்று ஒரு வரி வரும். கடைசியில் ‘எஸ்’ உள்ள பெயரைக் கவனியுங்கள்: லினக்ஸில் அப்படி ஒரு லைப்ரரி இல்லை. சிமேக் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். சில வரிகள் கீழே ‘ஃபவுண்ட் த்ரெட்ஸ்: ட்ரூ’ இருந்தால் அதைக் கடந்து போங்கள். கட்டுதல் வேறு காரணத்தால் நின்றிருக்கும். பிழைப் பதிவில் கண்ணில் படும் முதல் சிவப்பு வரியைப் பிடித்துத் தொங்குபவர்களுக்கு இது ஒரு நிரந்தரப் பொறி.

அறிகுறி 4: எந்தப் பிழையும் இல்லை, ஆனால் ஒரே ஒரு இழைதான் ஓடுகிறது

எனக்கு மிகவும் வெறுப்பான அறிகுறி இதுதான், ஏனென்றால் யாரும் முறையிட மாட்டார்கள். பொதி நிறுவப்படும், நிரல் ஓடும், மெதுவாக ஓடும். பயனர் தன் கணினி பழையது என்று நினைத்துக்கொள்வார்.

முதலில் உறுதிப்படுத்துங்கள். நிரல் சுறுசுறுப்பாக வேலை செய்யும் நேரத்தில் ‘/ப்ராக்’ அடைவுக்குள் அதன் எண்ணின் கீழுள்ள ‘ஸ்டேட்டஸ்’ கோப்பைத் திறந்தால் ‘த்ரெட்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். அது 1 என்றே நின்றால், இழைகள் இல்லாமல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

பிறகு கான்ஃபிக்.லாக், அதாவது கட்டுமுன் கணினியைச் சோதிக்கும் கன்ஃபிகர் நிரலின் பதிவு. நாங்கள் ஒரு பொதியில் கண்டது இது: கன்ஃபிகருக்குக் கொடுத்த சிஃப்ளாக்ஸில் யாரோ ‘-டபிள்யூஎரர்’ சேர்த்திருந்தார்கள், எச்சரிக்கை எல்லாவற்றையும் பிழையாக்கும் ஃப்ளாக். இழை இருக்கிறதா என்று பார்க்க கன்ஃபிகர் எழுதும் குட்டிச் சோதனை நிரல்கள் அவ்வளவு சுத்தமானவை அல்ல. பயன்படுத்தாத மாறி ஒன்று எச்சரிக்கை தந்தது, எச்சரிக்கை பிழையானது, சோதனை தோற்றது. ‘இழை இல்லை போலிருக்கிறது’ என்று கன்ஃபிகர் தன் வழியே போய்விட்டது. அந்த யாரோ நான்தான் என்பது பழைய திருத்தக் குறிப்புகளைப் புரட்டியபோது தெரிந்தது. ‘-டபிள்யூஎரர்’ வேண்டுமென்றால் கன்ஃபிகர் முடிந்த பிறகு மேக் கட்டளைக்குக் கொடுங்கள்.

பொதி கட்டுபவர் எதையும் ‘ஆட்டோ’வில் விடக்கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. ‘--எனேபிள்-த்ரெட்ஸ்’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். அப்படி எழுதினால், ஒழுங்காக எழுதப்பட்ட கன்ஃபிகர் இழை கிடைக்காதபோது கத்திக்கொண்டு நிற்கும். மேசானில் ‘ஆட்டோ_ஃபீச்சர்ஸ்’ஐ ‘எனேபிள்ட்’ ஆக்கினால் அதே பலன்.

அறிகுறி 5: ‘ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்’

புதியதில் கட்டிப் பழையதில் ஓட்டப் பார்த்திருக்கிறீர்கள். இழைச் செயற்கூறுகள் மைய லைப்ரரிக்கு இடம் மாறியபோது 2.34 என்ற முத்திரையுடன் மாறின, 20.04 அந்த முத்திரையை அறியாது. எந்த ஃப்ளாக்கும் இதைத் தீர்க்காது. ஆதரிக்கும் இயந்திரங்களில் மிகப் பழையது எதுவோ, அதன் கொள்கலனுக்குள் கட்டுங்கள். புதிய இயந்திரத்தின் ‘லிப்சி.எஸ்ஓ.6’ஐப் பழையதில் நகலெடுத்து வைக்கலாமா என்று கேட்டு ஆண்டுக்கொரு தடவை யாராவது வருகிறார்கள். ‘எல்எஸ்’ கட்டளைகூட ஓடாத இயந்திரத்தை மீட்டெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் மிச்சம் இருந்தால் செய்து பார்க்கலாம்.

அறிகுறி 6: உபுண்டுவில் நன்றாக ஓடும், ஆல்பைனில் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’

ஆல்பைனின் சி லைப்ரரி ஜிலிப்சி அல்ல, மசல். அங்கே இழைச் செயற்கூறுகள் தொடக்கம் முதலே மைய லைப்ரரிக்குள்தான் இருக்கின்றன. அதனால் முதல் இரண்டு அறிகுறிகளும் அங்கே தலைகாட்டுவதில்லை. வேறொன்று காத்திருக்கிறது.

ஒவ்வோர் இழைக்கும் தனியாக ஓர் அடுக்கு நினைவகம் ஒதுக்கப்படுகிறது. ஜிலிப்சியில் அதன் அளவு வழக்கமாக 8 மெகாபைட், ‘யூலிமிட் -எஸ்’ காட்டும் எண். மசலில் 1.1.21 பதிப்பு முதல் 128 கிலோபைட். அதற்கு முன்பு இன்னும் குறைவு. அறுபத்து நான்கில் ஒரு பங்கு! 8 மெகாபைட்டில் வாழ்ந்து பழகிய நிரல் ஒரு செயற்கூறுக்குள் 200 கிலோபைட் அணியை அறிவித்தால் ஜிலிப்சிக்கு அது தூசு. மசலில் சுவரில் மோதி விழும்.

எங்களுக்கு நடந்ததும் இதுவே. பத்திரிகைப் பக்கத்தைப் பத்தி பத்தியாக வெட்டும் நிரல், சாதாரணப் பக்கங்களில் ஒழுங்காக ஓடியது. எட்டுப் பத்தி கொண்ட அகலப் பக்கம் வந்ததும் விழுந்தது. பிழைதேடும் கருவியான ஜிடிபியில் ‘த்ரெட் அப்ளை ஆல் பிடி’ கொடுத்துப் பார்த்தபோது, விழுந்த இழை தன்னைத்தானே திரும்பத் திரும்ப அழைக்கும் ஒரு செயற்கூறின் ஆழத்தில் நின்றது. முதன்மை இழையில் அதே வேலையைக் கொடுத்தால் விழவில்லை. இந்த வேறுபாடுதான் துப்பு: முதன்மை இழையின் அடுக்கை மசல் ஒதுக்குவதில்லை, கெர்னல் ஒதுக்குகிறது, 128 கிலோபைட் கணக்கு அதைத் தொடாது.

மருந்து இணைக்கும் வரியில்:

-டபிள்யூஎல்,-இசட்,ஸ்டாக்-சைஸ்=1048576

இது 1 மெகாபைட். மசல் 1.1.21 முதல் இந்த எண்ணை வாசித்து அதையே புதிய இழைகளின் முன்னிருப்பாக எடுத்துக்கொள்கிறது. 8 மெகாபைட் வரை போகலாம். நிரல் தானே ‘பித்ரெட்_ஆட்டர்_செட்ஸ்டாக்சைஸ்’ மூலம் அளவைச் சொன்னால் அது சொல்வதே நடக்கும், உங்கள் ஃப்ளாக் எடுபடாது. நூற்றுக்கணக்கில் இழை பிறப்பிக்கும் நிரலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு 8 மெகாபைட் கொடுக்காதீர்கள். 1-இல் தொடங்கி, விழுந்தால் ஏற்றுங்கள்.

அறிகுறி 7: ‘__அடாமிக்_ஃபெட்ச்_ஆட்_8’ இல்லை

சேமிப்புப் பெட்டிக்குக் கட்டும்போது மட்டும் வரும். 64 பிட் எண்ணை ஒரே மூச்சில் கூட்டும் கட்டளை ஆர்மெல் குறிவைக்கும் பழைய செயலிகளில் இல்லை. கம்பைலர் அந்த வேலையை ஒரு துணை லைப்ரரியிடம் ஒப்படைக்கிறது. ‘-பித்ரெட்’டை எத்தனை தடவை போட்டாலும் தீராது. ‘-எல்அடாமிக்’ வேண்டும், அதுவும் பொருட்கோப்புகளுக்குப் பின்னால்.

அறிகுறி 8: இழைகள் உண்டு, ஆனாலும் முன்பைவிட மெதுவாக ஓடுகிறது

நான்கு கருக்கள் (கோர்) உள்ள இயந்திரம். டெசராக்ட்டைக் கொண்டு நூற்றுக்கணக்கான பக்கங்களை எழுத்தாக்க வேண்டும். நான்கு பக்கங்களை ஒரே நேரத்தில் கொடுத்தால் நான்கு மடங்கு வேகம் என்று கணக்குப் போட்டோம். மின்விசிறி கத்தியது, பக்கங்கள் நகரவில்லை.

டெசராக்ட் 4, வேலையை இழைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஓபன்எம்பியோடு கட்டப்பட்டிருந்தால், ஒரு பக்கத்துக்கே நான்கு இழைகள் வரை பிறப்பிக்கும். நான்கு பக்கம், பதினாறு இழை, நான்கு கரு. மாலை ஐந்தரைக்குக் காலி வீதியில் 100-ஆம் இலக்க பஸ்கள் நான்கு ஒன்றாக வந்து ஒரே தரிப்பிடத்தில் மூக்கை நுழைப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. எல்லாரும் வேலை செய்கிறார்கள், ஒருவரும் முன்னேறவில்லை.

சூழல் மாறியில் ‘ஓஎம்பி_த்ரெட்_லிமிட்=1’ என்று வைத்துவிட்டு நான்கு செயல்களை ஓட்டுங்கள்; வித்தியாசம் உடனே தெரியும். பொதியிலேயே தீர்க்க வேண்டுமென்றால் ‘--டிஸேபிள்-ஓபன்எம்பி’ கொடுத்துக் கட்டலாம். எங்கள் குழு மொத்தமாகவே பக்கங்களை ஓட்டுவதால் நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். ஒரே ஒரு பக்கத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பயனருக்கு அது நஷ்டம்தான். பொதுப் பயன்பாட்டுக்குக் கட்டுபவர்கள் ஓபன்எம்பியை விட்டுவைத்து, சூழல் மாறியைப் பற்றி ஆவணத்தில் ஒரு வரி எழுதலாம்.

கணித லைப்ரரியான ஓபன்பிளாஸிலும் இதே கதை, ஆனால் ஒரு கூர்மையான முள்ளோடு. டெபியன் அதை பித்ரெட், ஓபன்எம்பி, சீரியல் என்று மூன்று தனிப் பொதிகளாகவே தருகிறது. நீங்களே மூலத்திலிருந்து ‘யூஸ்_த்ரெட்=0’ என்று கட்டி, அதைப் பல இழைகள் கொண்ட நிரலிலிருந்து அழைப்பதானால் ‘யூஸ்_லாக்கிங்=1’ஐயும் சேர்க்க வேண்டும். மறந்தால் நிரல் விழாமலேயே தவறான விடையைத் தரக்கூடும்.

அறிகுறி 9: நீட்சி ஏற மறுக்கிறது, அல்லது தரவுத்தளம் தாறுமாறாகிறது

மைய நிரலும் அதில் ஏற்றும் நீட்சியும் (எக்ஸ்டென்ஷன்) இழை விடயத்தில் ஒரே தீர்மானத்தோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். பிஎச்பியில் ‘--எனேபிள்-இசட்டிஎஸ்’ கொடுத்துக் கட்டிய மையத்துக்கு, அது இல்லாமல் கட்டிய நீட்சி பொருந்தாது. ‘பிஎச்பி -ஐ’ காட்டும் ‘த்ரெட் சேஃப்டி’ வரியைப் பாருங்கள். பேர்லில் ‘பேர்ல் -வி:யூஸ்ஐத்ரெட்ஸ்’. பைதானில் 3.13 முதல் ‘--டிஸேபிள்-கில்’ கொண்டு கட்டிய தனி வகை இருக்கிறது. பெயரின் இறுதியில் ஒரு ‘டி’ இருக்கும், சாதாரண 3.13-க்குக் கட்டிய சி நீட்சிகளை அதில் ஏற்ற முடியாது.

தரவுத்தள லைப்ரரியான எஸ்கியூலைட்டை யாராவது வேகத்துக்காக ‘எஸ்கியூலைட்_த்ரெட்சேஃப்=0’ என்று கட்டியிருந்தால், பூட்டும் நிரல்வரிகளே அதில் இருக்காது; பிறகு ஓடும் நேரத்தில் எதையும் மீட்க முடியாது. ‘பிராக்மா கம்பைல்_ஆப்ஷன்ஸ்’ என்று கேட்டால் எண்ணைச் சொல்லிவிடும். முன்னிருப்பு 1. அதைத் தொடாதீர்கள்.

அறிகுறி 10: பத்துத் தடவை ஓட்டினால் ஒரு தடவை மட்டும் விழுகிறது

இது ஃப்ளாக் பிரச்சினையாக இருக்க வாய்ப்புக் குறைவு. நிரலிலேயே இரண்டு இழைகள் ஒரே இடத்தில் கை வைக்கின்றன. ‘-எஃப்சானிடைஸ்=த்ரெட்’ என்பதைத் தொகுக்கும் வரி, இணைக்கும் வரி இரண்டிலும் கொடுத்து முழுதாக மறுபடி கட்டி, சோதனைகளை ஓட்டுங்கள். தொடங்கியதுமே ‘அன்எக்ஸ்பெக்டட் மெமரி மேப்பிங்’ என்று நின்றால் பயப்பட வேண்டாம். புதிய கெர்னல்கள் நினைவக முகவரிகளைக் கூடுதலாகக் கலைத்துப் போடுவதால் வருவது அது. ‘சிஸ்கட்ல்’ மூலம் ‘விஎம்.எம்மேப்_ஆர்என்டி_பிட்ஸ்’ஐ 28 ஆக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

அறிக்கை எந்த இரண்டு வரிகள் மோதுகின்றன என்று கோப்புப் பெயரோடு சொல்லும். அதை மூல ஆசிரியர்களுக்கு அனுப்புங்கள். திருத்தம் வரும்வரை, பொதியை ‘--டிஸேபிள்-த்ரெட்ஸ்’ கொடுத்து வெளியிட்டு, மாற்றப் பதிவில் காரணத்தை எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் ஆறு மாதம் கழித்து நீங்களே அதைத் தவறு என்று நினைத்து அழித்துவிடுவீர்கள்.